அமெரிக்க ஆயுத விற்பனை: செய்தித் தலைப்பிலிருந்து செனட் வாக்கெடுப்பு வரை ஒரு கோப்பைப் பின்தொடர்வது எப்படி?

இந்தியாவுக்கு 31 எம்.க்யூ-9பி ட்ரோன்களை விற்க அமெரிக்கா ஒப்புதல் தந்துவிட்டது என்று 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் செய்தி வந்தது. வியாபாரம் முடிந்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிப்ரவரி 1 அன்று நடந்தது ஒன்றே ஒன்றுதான். ‘இதை விற்க நினைக்கிறோம்’ என்று அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்திடம் எழுத்தில் சொன்னது. ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று. பிரதமர் மோடியின் 2023 ஜூன் பயணத்தில் அறிவித்ததிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பதினாறு மாதம்.

அந்தப் பதினாறு மாதத்தில் கோப்பு யார் யார் மேஜைக்குப் போனது, எங்கே நின்றது, யாருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இருந்தது என்பதைப் பொதுவில் கிடைக்கும் ஆவணங்களை வைத்தே பெருமளவு கண்டுபிடிக்கலாம். இதழியல் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், நம் வரிப்பணம் போகும் இடத்தைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் என யாரும் செய்யலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. முதல்முறை தேடுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த ட்ரோன் கோப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2020 இறுதியில் இந்தியக் கடற்படை குத்தகைக்கு எடுத்த இரண்டு ட்ரோன்கள் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்துதான் பறந்தன. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தது. வாஷிங்டனில் நகரும் காகிதத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

முதல் படி: எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள்

அமெரிக்க ஆயுதம் வெளிநாட்டுக்குப் போக இரண்டு பெரிய வாசல்கள் உள்ளன. ஒன்று அரசுக்கு அரசு விற்பது. வாங்கும் நாடு அமெரிக்க அரசிடம் கேட்கும். அமெரிக்க அரசு நிறுவனத்திடம் வாங்கித் தரும். இதைப் பாதுகாப்புத் துறையின் டி.எஸ்.சி.ஏ. என்ற முகமை நடத்துகிறது. விற்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது வெளியுறவுத் துறை. இன்னொன்று, வாங்கும் நாடு நேரடியாக நிறுவனத்திடம் பேசி வாங்குவது. அப்போது நிறுவனம் வெளியுறவுத் துறையிடம் ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் தாய்ச்சட்டம் 1976-இன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அரசு விற்பனைக்குப் பிரிவு 36(பி), நிறுவன விற்பனைக்குப் பிரிவு 36(சி). எந்த வாசல் என்று தெரியாமல் தேடினால் நாள் முழுக்கத் தேடினாலும் ஆவணம் கிடைக்காது. அரசு விற்பனையின் அறிவிப்பு உடனே பொதுவில் வெளியாகும். உரிம விற்பனையில் அப்படியொரு செய்திக்குறிப்பை எதிர்பார்க்க முடியாது. ராஜாளியிலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களை இந்தியா முதலில் வாங்கியது நிறுவனத்திடம் நேரடியாக. 31 ட்ரோன்கள் வந்தது அரசு வழியாக. ஒரே தளம், இரண்டு வேறு காகிதத் தடங்கள்.

இரண்டாம் படி: தொகை வரம்பைத் தாண்டுகிறதா?

எல்லா விற்பனையும் நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை. நீண்ட காலமாக இருந்துவந்த வரம்பு இது: பெரிய போர்க்கருவி என்றால் 1.4 கோடி டாலர், மற்ற தளவாடமும் சேவையும் என்றால் 5 கோடி டாலர், கட்டுமானம் என்றால் 20 கோடி டாலர். நேட்டோ நாடுகளுக்கும் ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து ஆகிய ஐந்துக்கும் வரம்பு அதிகம்: 2.5 கோடி, 10 கோடி, 30 கோடி டாலர். இந்தியா அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லி மசோதாக்கள் வந்திருக்கின்றன. வரம்புகளை உயர்த்த வேண்டும் என்ற முயற்சியும் நடந்துவருகிறது. ஆகவே நீங்கள் தேடும் ஆண்டில் எந்தத் தொகை நடப்பில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தைப் பலரும் ஓடித் தாண்டிவிடுகிறார்கள். நான் நின்று பார்க்கச் சொல்வேன். வரம்புக்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். 2020-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தலைமை ஆய்வாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2017 ஜனவரி முதல் சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கும் வரம்புக்குக் கீழான 4,221 ஆயுதப் பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் போயிருக்கிறது. மொத்த மதிப்பு சுமார் 1,120 கோடி டாலர். ஒவ்வொன்றும் சிறியது என்பதால் ஒன்றும் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. ஏமனில் சவூதி தலைமையிலான கூட்டணி குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதனால் ஒரு நாட்டுக்கு ‘இந்த ஆண்டு எதுவும் விற்கவில்லை’ என்று நீங்கள் எழுதுவதற்கு முன், ‘வரம்புக்கு மேல் எதுவும் அறிவிக்கவில்லை’ என்பதைத்தான் ஆவணம் சொல்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

டி.எஸ்.சி.ஏ. இணையதளத்தில் ‘மேஜர் ஆர்ம்ஸ் சேல்ஸ்’ என்ற பகுதியில் பல ஆண்டு அறிவிப்புகள் தேதிவாரியாக இருக்கின்றன. அங்கே கிடைக்காவிட்டால் வெளியுறவுத் துறையின் தளத்தையும் பாருங்கள். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்தான். ட்ரோன் அறிவிப்பைத் திறந்தால் 31 விமானம் என்பதோடு நிற்காது: 170 ஹெல்ஃபயர் ஏவுகணை, 310 ஜி.பி.யூ-39பி சிறு குண்டு, தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் 35 கருவித் தொகுப்பு என்று நீளும். கண்காணிப்பு விமானம் என்று மட்டும் செய்தியில் படித்தவருக்கு இந்தப் பட்டியலே போதும், அது என்ன வேலைக்கு வருகிறது என்று புரிந்துவிடும். நம் நாட்டுக்கு வரும் கருவியின் இவ்வளவு விவரம் நமக்கு ஒரே இடத்தில் கிடைத்தது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன காகிதத்தில் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பில் 399 கோடி டாலர் என்று இருக்கும். அது உச்சவரம்பு மதிப்பீடு. தேவையும் பேரமும் முடிந்தபின் கையெழுத்தாகும் தொகை குறையலாம் என்று இப்போதைய அறிவிப்புகளே சொல்கின்றன. ‘இத்தனை கோடிக்கு விற்றது’ என்று இதை எழுதுவது தவறு.

‘இந்த விற்பனை வட்டாரத்தின் அடிப்படை இராணுவச் சமநிலையை மாற்றாது’ என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா அறிவிப்பிலும் அச்சுப் பிசகாமல் வரும். அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழக்கமான வாசகம். அதற்குக் கீழே இருக்கும் தலைமை ஒப்பந்ததாரர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கோப்பில் அது கலிஃபோர்னியாவின் போவே நகரில் உள்ள ஜெனரல் அட்டாமிக்ஸ் ஏரோநாட்டிகல் சிஸ்டம்ஸ். எந்த ஊரில் தொழிற்சாலை, அந்தத் தொகுதி உறுப்பினர் யார் என்பது பின்னால் வாக்கெடுப்பைப் படிக்கும்போது உதவும்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்ற அமெரிக்க அரசிதழில் இதே விற்பனையைத் தேடுங்கள். சற்றுத் தாமதமாக வரும், ஆனால் முழுசாக வரும். எட்டு இனங்களாகப் பிரித்திருப்பார்கள். ஐந்தாவது இனத்தில் இதற்கு முன்பு நடந்த தொடர்புடைய விற்பனைகள். ஆறாவதில் தரகுத் தொகை ஏதும் கொடுக்கப்பட்டதா என்பது. எட்டாவதில் நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்த தேதி. அந்த எட்டாவது இனம்தான் உங்கள் நாட்காட்டிக்குத் தொடக்கம். பின்னிணைப்பில் ஒவ்வொரு கருவியின் தொழில்நுட்பமும் எவ்வளவு இரகசியமானது என்ற குறிப்பும் இருக்கும்.

நான்காம் படி: அறிவிப்புக்கு முன்னால் நடந்ததைத் தேடுங்கள்

உண்மையான இழுபறி நடப்பது இங்கேதான். அறிவிப்பு வெளியே வருவதற்கு முன்பே வெளியுறவுத் துறை அந்தக் கோப்பை நான்கு பேருக்குக் காட்டும்: செனட் வெளியுறவுக் குழுத் தலைவர், அதே குழுவில் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர், பிரதிநிதிகள் சபை வெளிவிவகாரக் குழுவில் அதேபோல் இருவர். இவர்களில் ஒருவர் ‘எனக்குக் கேள்வி இருக்கிறது, நிறுத்துங்கள்’ என்றால் கோப்பு நின்றுவிடும். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதவில்லை. வழக்கம், அவ்வளவே. ஆனால் சட்டம் கொடுத்த வாக்கெடுப்பைவிட இந்த எழுதாத வழக்கம் சாதித்தது அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

ட்ரோன் கோப்பு நின்றது இங்கேதான். அமெரிக்க மண்ணில் ஒரு சீக்கியப் பிரிவினைவாதியைக் கொல்லச் சதி நடந்ததாக அந்நாட்டு நீதித் துறை 2023 நவம்பரில் குற்றச்சாட்டை வெளியிட்டது. செனட் குழுத் தலைவராக இருந்த பென் கார்டின் கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டார். சதியை முழுமையாக விசாரிப்போம் என்று பைடன் அரசு உறுதி சொன்ன பிறகே விட்டதாக அவரே சொன்னார். பிப்ரவரி 1 அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

துருக்கிக் கதை இதைவிடப் பெரிது. எஃப்-16 விமானங்களுக்குத் துருக்கி 2021-இல் கேட்டது. கார்டினுக்கு முன் குழுத் தலைவராக இருந்த பாப் மெனண்டஸ் வெளிப்படையாக முட்டுக்கட்டை போட்டார். ஸ்வீடன் நேட்டோவில் சேர்வதைத் துருக்கி தடுத்துவந்ததும் இதோடு பின்னிக்கொண்டது. 2024 ஜனவரி 23 அன்று துருக்கி நாடாளுமன்றம் ஸ்வீடனுக்குப் பச்சைக்கொடி காட்டியது; 26 அன்று 2,300 கோடி டாலர் மதிப்பில் 40 புதிய எஃப்-16, 79 பழைய விமானங்களுக்கான மேம்பாட்டுக் கருவிகள் என அறிவிப்பு வந்தது. அதே நாளில் கிரீஸுக்கு எஃப்-35 விற்கும் 860 கோடி டாலர் அறிவிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் படித்தால்தான் பேரம் புரியும். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்குத்தான்.

இந்தத் தடங்கள் அரசு ஆவணத்தில் இருக்காது. குழுத் தலைவர்களின் செய்திக்குறிப்புகளையும் செய்தி நிறுவனங்களின் வாஷிங்டன் செய்திகளையும் தேடுங்கள். இந்த வழக்கம் இப்போது உறுதியாக நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் இஸ்ரேலுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட குண்டுகளும் ஏவுகணைகளும் விற்க, பிரதிநிதிகள் சபையின் எதிர்க்கட்சி மூத்த உறுப்பினர் கிரெகரி மீக்ஸ் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிரம்ப் அரசு அறிவிப்பை அனுப்பிவிட்டது. அவர் கண்டித்தார், கோப்பு நிற்கவில்லை. எழுதாத வழக்கத்தின் பலவீனம் அதுதான். மீறியவர் மேல் வழக்குப் போட முடியாது.

ஐந்தாம் படி: நாளை எண்ணுங்கள்

முறையான அறிவிப்பு போனதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். சலுகைப் பட்டியலில் உள்ள நாடுகளுக்கு 15 நாள். மற்றவர்களுக்கு 30 நாள். வேலைநாள் அல்ல, விடுமுறையும் சேர்த்து. அந்த நாட்கள் முடியும்வரை விற்பனைக் கடிதத்தை வாங்கும் நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இந்தியாவுக்கு 30 நாள் என்பதால் ட்ரோன் கோப்பில் மார்ச் தொடக்கத்தில் தடை நீங்கியது.

ஆறாம் படி: மறுப்புத் தீர்மானம் இருக்கிறதா?

நாடாளுமன்றத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் இரு சபையும் சேர்ந்து மறுப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ‘காங்கிரஸ் டாட் கவ்’ தளத்தில் நாட்டின் பெயரையும் ‘டிஸ்அப்ரூவல்’ என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் வந்துவிடும். செனட்டுக்கு ‘எஸ்.ஜே.ரெஸ்.’, பிரதிநிதிகள் சபைக்கு ‘ஹெச்.ஜே.ரெஸ்.’ என்ற முன்னொட்டு இருக்கும்.

இரு சபைக்கும் விதி வேறு. செனட்டில் ஒரே ஒரு உறுப்பினர்கூட, குழு பத்து நாளில் அசையாவிட்டால் (சலுகை நாடுகளுக்கு ஐந்து நாள்), தீர்மானத்தைக் குழுவிலிருந்து வெளியே இழுத்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். தலைவர்கள் கிடப்பில் போட முடியாது. பிரதிநிதிகள் சபையில் அந்த வசதி இல்லை. குழு அனுப்பினால்தான் உண்டு. அதனால்தான் நாம் கேள்விப்படும் வாக்கெடுப்புகள் பெரும்பாலும் செனட்டில் நடக்கின்றன.

முதலில் சட்டம் இதைவிடக் கூர்மையாக இருந்தது. அதிபரின் கையெழுத்து தேவைப்படாத தீர்மானமே போதும் என்றிருந்தது. 1981-இல் சவூதிக்கு அவாக்ஸ் என்ற வான் கண்காணிப்பு விமானங்கள் விற்பதை பிரதிநிதிகள் சபை 301-111 என்று மறுத்தது. செனட் 52-48 என்று காப்பாற்றியது. நான்கு வாக்கு வித்தியாசம். 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சத்தா (Chadha) என்பவரின் வழக்கில், அதிபரிடம் போகாத இத்தகைய மறுப்பு அதிகாரம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அதன்பின் சட்டத்தைத் திருத்தி, அதிபரிடம் போகும் கூட்டுத் தீர்மானமாக மாற்றினார்கள். விற்க நினைக்கும் அதிபரே அதை நிராகரிக்கலாம். மீற வேண்டுமானால் இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

பலன்: இன்றுவரை ஒரு மறுப்புத் தீர்மானம்கூட ஒரு விற்பனையைச் சட்டப்படி நிறுத்தியதில்லை. மிக நெருங்கியது 1986. சவூதிக்கு ஏவுகணை விற்பதை இரு சபையும் மறுத்தன, ரீகன் நிராகரித்தார், செனட்டில் மீறுவதற்கு 67 வாக்கு தேவை, கிடைத்தது 66. அந்த நெருக்கடியில் ரீகன் ஸ்டிங்கர் ஏவுகணைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். தோற்றாலும் பொருள் குறைந்தது.

ஆகவே வாக்கெடுப்பு தோற்றது என்றதும் தாளை மூடிவிடாதீர்கள். எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். 2024 நவம்பரில் செனட் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் இஸ்ரேல் விற்பனைகளுக்கு எதிராகக் கொண்டுவந்த மூன்று தீர்மானங்களில் எதற்கும் 20 வாக்குகூட விழவில்லை. 2025 ஜூலையில் இஸ்ரேலுக்கான துப்பாக்கி விற்பனைக்கு எதிரான தீர்மானத்துக்கு 27 விழுந்தது. யார் புதிதாக மாறினார்கள் என்ற பட்டியல் செனட் தளத்திலேயே பெயர்பெயராக இருக்கிறது. இந்தியாவின் ட்ரோன் கோப்புக்கு எதிராக இந்தக் கட்டத்தில் எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. எதிர்ப்பு நான்காம் படியிலேயே தீர்ந்துவிட்டது.

ஏழாம் படி: ‘அவசரநிலை’ என்ற சொல் தென்படுகிறதா?

அவசரநிலை என்று அறிவித்துவிட்டால் 15 நாளும் இல்லை, 30 நாளும் இல்லை. சட்டத்திலேயே உள்ள விதிவிலக்கு இது. 2019 மே மாதம் ஈரானைக் காரணம் காட்டி, சவூதி, எமிரேட்ஸ், ஜோர்டான் ஆகியவற்றுக்கு 22 விற்பனைகளை, சுமார் 810 கோடி டாலர், ஒரே மூச்சில் இப்படி அனுப்பினார்கள். மறுப்புத் தீர்மானங்களைச் செனட் நிறைவேற்றியது. மூன்று இரு சபையையும் தாண்டின. மூன்றையும் டிரம்ப் நிராகரித்தார். 2023 டிசம்பரில் பைடன் அரசும் இதே வழியில் இஸ்ரேலுக்கு 13,981 டாங்கி குண்டுகளை அனுப்பியது. கட்சி மாறினாலும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அறிவிப்பில் இந்தச் சொல் இருந்தால், அவசரத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள், பொருள் உண்மையில் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாதம் கழித்துப் போன சரக்குக்கு முப்பது நாள் பொறுக்க முடியாதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

எட்டாம் படி: நாட்கள் முடிந்த பிறகும் கோப்பை மூடாதீர்கள்

சரக்கு ஒப்படைக்கப்படும்வரை நாடாளுமன்றம் வழக்கமான சட்டம் போட்டு விற்பனையை நிறுத்தலாம், நிபந்தனை விதிக்கலாம். மறுப்புத் தீர்மானத்தால் ஆகாதது ஆண்டுதோறும் நிறைவேற்றும் பாதுகாப்புச் சட்டங்களால் ஆகியிருக்கிறது. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கிய துருக்கியை 2019 ஜூலையில் அமெரிக்க அரசு எஃப்-35 திட்டத்திலிருந்து வெளியேற்றியது. அந்த விமானத்தைத் துருக்கிக்குக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை நாடாளுமன்றம் 2020 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அந்தத் தடிமனான சட்டங்களை அதிபர்கள் நிராகரிப்பது அரிது என்பதால் அங்கே எழுதிய வரிக்கு வலு அதிகம். ஆண்டுதோறும் அதில் உங்கள் நாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

குழுத் தலைவரும் எதிர்க்கட்சி மூத்த உறுப்பினரும் சேர்ந்து கேட்டால், சரக்கு கிளம்புவதற்கு 30 நாள் முன்பு இன்னொரு முறை தகவல் தர வேண்டும் என்று 2014-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு ஆயுதம் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் திட்டங்களும் உண்டு: அரசு விற்பனைக்கு ‘கோல்டன் சென்ட்ரி’, உரிம விற்பனைக்கு ‘ப்ளூ லேண்டர்ன்’. ப்ளூ லேண்டர்னுக்கு ஆண்டறிக்கை வெளிவருகிறது.

இந்தியத் தரப்பில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ட்ரோன் வாங்குவதற்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு 2023 ஜூன் 15 அன்று முதல் ஒப்புதல் தந்தது. அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு 2024 அக்டோபரில் இறுதி ஒப்புதல் தந்தது. சுமார் 32,000 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. விற்கும் நாட்டின் நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டித் தகவல் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாங்கும் நம் நாடாளுமன்றத்துக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இல்லை. பாதுகாப்புக்கான நிலைக்குழு அறிக்கைகள், மக்களவை, மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வ பதில்கள், பின்னாளில் வரும் சி.ஏ.ஜி. தணிக்கை ஆகியவைதான் நமக்கு வழி. ‘சன்சத்’ என்ற இந்திய நாடாளுமன்றத் தளத்தில் கேள்வி-பதில் பகுதியில் ‘எம்.க்யூ-9பி’ என்று தேடத் தொடங்குங்கள். 31-இல் 15 கடற்படைக்கு, இராணுவத்துக்கும் விமானப்படைக்கும் தலா எட்டு. ஒவ்வொன்றும் எப்போது வந்து இறங்குகிறது, அறிவிப்பில் இருந்த 170 ஏவுகணையில் ஒப்பந்தத்தில் எத்தனை வாங்கினார்கள் என்பதே அடுத்துத் தேட வேண்டிய இரண்டு விடைகள்.